முகிலுக்குள் வழி காணும் கலை

வானில் பறக்கவேண்டும் என்னும் வேட்கை தமிழர்க்குப் புதிதன்று. ஓட்டுபவர் இல்லாமலே செல்லும் வானூர்தியைப் புறநானூறு பேசுகிறது. சீவக சிந்தாமணியோ ஒருபடி மேலே சென்று, பறக்கக் கற்றுக்கொண்ட பெண்ணொருத்தியையே நம் கண்முன் நிறுத்துகிறது. மன்னன் சச்சந்தன் மயில் வடிவில் ஒரு பொறியைச் செய்வித்து, அதனை இயக்கும் முறையைத் தன் தேவி விசயைக்குக் கற்பிக்கிறான். வலப்பக்கம் திருகினால் அம்மயில் முகிலைப் பிளந்துகொண்டு மேலெழும். இடப்பக்கம் திருகினால் தரையில் வந்து காலூன்றும். கட்டியங்காரன் சூழ்ச்சியால் அரண்மனை முற்றுகையிடப்பட்ட நாளில், கருவுற்றிருந்த தேவி அப்பொறியில் ஏறித் தப்புகிறாள். வழியில் பகைவனின் வெற்றி முரசொலி கேட்டு மயங்கி விழுகிறாள். மயிற்பொறியோ நகர்ப்புறத்துச் சுடுகாட்டில் அவளை இறக்கிவிடுகிறது.

ஓட்டியவளின் உணர்வு மயங்கியது, பொறி மயங்கவில்லை. திருத்தக்கதேவரின் கற்பனையில் வந்த இந்நிகழ்ச்சி, இன்றைய வானூர்திப் பயிற்சியின் மிகக் கடினமான பாடத்தை நமக்கு நினைவூட்டுகிறது. முகிலுக்குள் புகுந்த விமானியின் புலன்கள் மயங்கும். அப்போது அவர் தம் உடல் சொல்வதைப் புறந்தள்ளி, எதிரேயுள்ள கருவிகள் சொல்வதைக் கொண்டே பறக்கவேண்டும். இதனைக் கருவிவழிப் பறத்தல் என்பர். அக்கலையின் இயல்பையும், அதனைப் பயிலும் முறையையும், அது நமக்கு உணர்த்தும் உண்மையையும் ஈண்டுச் சுருக்கமாகக் காண்போம்.

நம் வட்டாரமும் வானூர்தியும்

செங்கற்பட்டுப் பகுதிக்கும் வானூர்திக்கும் உள்ள உறவு நூறாண்டுகளுக்கும் மேற்பட்டது. சென்னையில் உணவு விடுதி நடத்திவந்த டி ஏஞ்செலிஸ் என்பார், 1910ஆம் ஆண்டில் தாம் உருவாக்கிய வானூர்தியைப் பல்லாவரத்தில் பறக்கவிட்டுப் பார்த்தார். 1930ஆம் ஆண்டையொட்டி மீனம்பாக்கத்தில் சென்னை விமானப் பயிற்சிக் கழகம் தோன்றியது. இந்திய விமானப்படையின் பயிற்றுநர் பள்ளி 1948இல் அம்பாலாவில் தொடங்கப்பெற்று, 1954இல் தாம்பரத்துக்கு வந்தது. பறக்கக் கற்பிக்கும் ஆசிரியர்களுக்கே ஆசிரியர்களாக விளங்குவோர் பணிபுரியும் இடம் அது. 2019இல் செங்கற்பட்டு தனி மாவட்டமானபோது தாம்பரமும் பல்லாவரமும் அதனுள் அடங்கின.

தாம்பரத்துக்கு அண்மையில் உள்ள குரோம்பேட்டையில், சி. ராஜம் அவர்கள் 1949இல் நிறுவிய சென்னைத் தொழில்நுட்ப நிறுவனம் உள்ளது. இராமேசுவரத்தில் படகு கட்டிய ஜைனுலாப்தீன் மரைக்காயரின் மைந்தர் ஏ.பி.ஜெ. அப்துல் கலாம் அவர்கள் வானூர்திப் பொறியியல் கற்றது இங்கேதான். தந்தையாரின் படகைப் புயல் கொண்டுபோனதைக் கண்டவர் அவர். கல்லூரி வளாகத்தில் காட்சிக்கு வைக்கப்பட்டிருந்த இரண்டு பழைய வானூர்திகளே தம்மை அத்துறைக்கு ஈர்த்தன என்று பின்னாளில் எழுதினார். விமானியாக விரும்பி விமானப்படைத் தேர்வுக்கு டேராடூன் சென்றபோது, 25 பேரில் ஒன்பதாவதாக வந்தார், எடுத்துக்கொள்ளப்பட்டோர் எண்மர். அந்த ஓர் இடம் தவறியதால் நாடு ஓர் அறிவியலறிஞரைப் பெற்றது. நாம் பேசப்புகும் கலை, ஆக, நமக்கு அயலானதன்று. நம் வீட்டுக் கூரைக்கு மேலேயே நாள்தோறும் நிகழ்வது.

தெளிந்த வானில்

தொடக்கப் பயிற்சி பெறுவோர் கண்ணால் கண்டே பறப்பர். சிறு வானூர்தியொன்று தெளிந்த மார்கழிக் காலையில் தாம்பரத்துக்கு மேலிருந்து தெற்கே செல்வதாகக் கொள்வோம். பின்னே பரங்கிமலை தெரியும். வண்டலூர்க் குன்றுகளைக் கடந்தால் செங்கற்பட்டின் கொளவாய் ஏரி பளபளக்கும். கிழக்கே திரும்பினால் திருக்கழுக்குன்றத்து மலைக்கோயில். அப்பால் கரையோடு இணையாக நீளும் பக்கிங்காம் கால்வாய். அதன் கீழ்க்கரையில் மாமல்லபுரத்துக் கலங்கரை விளக்கம். தெற்கே கல்பாக்கம் அணுமின் நிலையப் பகுதி பறப்புத் தடைக்கு உட்பட்டதாகையால், அங்குச் செல்லாது வடக்கே திரும்பிக் கோவளத்தையும் முட்டுக்காட்டு உப்பங்கழியையும் பார்த்தபடி மீளலாம்.

இப்பயணம் முழுவதிலும் விமானிக்கு வழிகாட்டுவது இந்த ஊர்களும் ஏரிகளும் மட்டும் அல்ல. வானமும் கடலும் ஒன்றுகூடும் தொடுவானக் கோடே அவருக்கு முதல் துணை. வானூர்தியின் மூக்கு அக்கோட்டுக்கு மேலே உள்ளதா, கீழே உள்ளதா, சிறகுகள் அதனோடு இணையாக உள்ளனவா என்பதை ஒரு நொடியில் கண்டு, கை தானே திருத்திவிடும். நடப்பவன் தன் கால்களை எண்ணாததுபோல, அவரும் அக்கோட்டை எண்ணுவதில்லை.

வடகிழக்குப் பருவக்காற்று வீசத் தொடங்கும் ஐப்பசித் திங்களில் நிலைமை வேறு. சென்னைக்கும் செங்கற்பட்டுக்கும் ஆண்டு மழையில் பாதிக்கும் மேற்பட்ட பகுதி இப்பருவத்திலேயே கிடைக்கிறது. வங்கக் கடலிலிருந்து தாழ்ந்த முகில்கள் அடுக்கடுக்காய்க் கரையேறும். சிறு வானூர்தி அவற்றுள் புகுந்த கணத்தில் மலையும் ஏரியும் கடலும் மறைகின்றன; தொடுவானமும் மறைகிறது. எப்பக்கம் நோக்கினும் ஒரே வெண்மை. இரவிலோ, முகில் இல்லாதபோதும் இடர் உண்டு. நிலவற்ற இரவில் கோவளத்துக்கு அப்பால் கடலில் மிதக்கும் மீன்பிடி படகுகளின் விளக்குகள் விண்மீன்களாகத் தோன்றும். சாய்வாகச் செல்லும் கிழக்குக் கடற்கரைச் சாலையின் விளக்கு வரிசை தொடுவானமாகத் தோன்றும். அப்பொய்க்கோட்டுக்கு இணையாகச் சிறகை நேராக்கினால் உண்மையில் வானூர்தி சாய்ந்துபோகும்.

காது சொல்லும் பொய்

கண் மறைந்தால் உடலின் பிற உணர்வுகள் உதவாவோ என்னும் வினா எழலாம். இருட்டறையில் கண்ணை மூடி நின்றாலும் நாம் விழுவதில்லையே! அதற்குக் காரணம் உட்செவியில் அமைந்த மூன்று அரைவட்டக் குழல்கள். ஒன்றுக்கொன்று செங்குத்தாக அமைந்த அக்குழல்களுள் ஒருவகை நீர்மம் உள்ளது. தலை திரும்பும்போது குழல் திரும்பும். நீர்மம் சற்றுப் பின்தங்கும். அவ்வேறுபாட்டால் உள்ளிருக்கும் நுண்மயிர்கள் வளைந்து, இன்ன பக்கம் திரும்புகிறோம் என்று மூளைக்கு உணர்த்தும்.

மண்ணில் நடப்பவனுக்கு இவ்வமைப்பு போதும். வானில் பறப்பவனை அது இரண்டு வகையில் ஏமாற்றும். முதலாவது, மிக மெல்லச் சாயும் சாய்வை அது உணர்வதே இல்லை. இரண்டாவது, ஒரே சீராகத் திரும்பிக்கொண்டிருந்தால் பத்து இருபது நொடிகளில் நீர்மமும் குழலின் வேகத்தை எட்டிவிடும், நுண்மயிர்கள் நிமிர்ந்துவிடும், திரும்புகிறோம் என்னும் உணர்வே அற்றுப்போகும். அந்நிலையில் வானூர்தியை நேராக்கினால், மறுபக்கம் திரும்புவதாகப் பொய்யுணர்வு தோன்றும். சிறுவர்கள் தட்டாமாலை சுற்றி நின்றபின் உலகம் எதிர்ப்பக்கம் சுழல்வதுபோலத் தோன்றுவதை நாம் அனைவரும் அறிவோம். அதே மயக்கந்தான் இது. செங்கற்பட்டு நிலையத்தில் நிற்கும் இரயிலில் அமர்ந்திருக்கும்போது பக்கத்து இரயில் நகர, நம் வண்டியே நகர்வதாக எண்ணுகிறோம் அல்லவா? அங்கே கண் ஏமாற்றுகிறது; இங்கே செவி ஏமாற்றுகிறது. அங்கே நடைமேடையைப் பார்த்து உண்மையறியலாம். முகிலுக்குள் நடைமேடை ஏது?

விளைவு கொடியது. சிறகு சாய்ந்ததை அறியாத விமானியின் வானூர்தி வளைந்து திரும்பத் தொடங்கும், மூக்கு தாழும், வேகம் கூடும், உயரம் குறையும். உயரம் குறைவதை மட்டும் கண்ட விமானி, சாய்வை நீக்காமல் மூக்கை மேலே இழுப்பார். சாய்ந்த நிலையில் இழுக்க இழுக்கத் திருப்பம் இறுகும், இறக்கம் விரையும். சுருள்வழியே கீழ்நோக்கிப் பாயும் இந்நிலைக்கு ஆங்கிலேய விமானிகள் இடுகாட்டுச் சுருள் என்றே பெயரிட்டனர்.

நூற்றெழுபத்தெட்டு நொடிகள்

1954ஆம் ஆண்டு அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் ஓர் ஆய்வு நிகழ்த்தினர். கருவிவழிப் பறத்தலில் பயிற்சியற்ற இருபது பேரைச் சிறு வானூர்தியில் ஏற்றி, வெளியே ஒன்றும் தெரியாதவாறு செய்து, பயிற்றுநர் அருகிருக்க ஓட்டச் செய்தனர். இருபதின்மரும் வானூர்தியைக் கட்டுப்பாடு இழக்கச் செய்தனர். பத்தொன்பதின்மர் சுருள்வழிப் பாய்ச்சலில் வீழ்ந்தனர். ஒருவர் மூக்கை மிகையாக உயர்த்தித் தூக்குவிசையை இழந்தார். விரைவில் தவறியவருக்கு 20 நொடிகளும், நெடிது தாங்கியவருக்கு 480 நொடிகளும் ஆயின. சராசரி 178 நொடிகள். மூன்று நிமிடங்கூட இல்லை!

ஆயினும் அவ்வாய்வு அச்சத்தோடு முடியவில்லை. அதே மாணாக்கர்க்குக் கருவிகளைக் கொண்டு வந்த வழியே திரும்பும் எளிய முறை ஒன்று கற்பிக்கப்பட்டது. பின்னர் நடந்த 60 முயற்சிகளில் 59 வெற்றியாயின. ஆளும் அவரே, காதும் அதுவே. இடையில் நேர்ந்த மாற்றம் பயிற்சி ஒன்றே.

பயிற்சி முற்றாதார்க்கு நேர்ந்த இடருக்கு உலகறிந்த சான்று உண்டு. அமெரிக்கக் குடியரசுத் தலைவர் கென்னடியின் மகன் 1999 ஜூலை 16 அன்று இரவு, மங்கலான வானில் கடல்மீது தம் சிறு வானூர்தியை ஓட்டிச் சென்றார். கருவிவழிப் பறக்கும் தகுதிச் சான்று அவருக்கு இல்லை. உடன்சென்ற இருவரோடு அவரும் மாண்டார். நிலைமயக்கத்தால் கட்டுப்பாடு இழந்ததே காரணம் என விசாரணை முடிவு கூறியது. மாமல்லபுரத்துக் கடற்கரையிலும் நிலவற்ற இரவில் கடலும் வானும் அவ்வாறே ஒன்றாகிவிடும் என்பதை நாம் மறத்தலாகாது.

ஆறு கருவிகள்

விமானியின் எதிரே அமைந்த அடிப்படைக் கருவிகள் ஆறு. இவற்றுள் மூன்று காற்றழுத்தத்தால் இயங்குவன. மூன்று ஜைராஸ்கோப் எனப்படும் சுழல் சக்கரத்தால் இயங்குவன.

காற்றழுத்தக் கருவிகளுள் முதலாவது வேகமானி. எதிர்வரும் காற்றை ஒரு சிறு குழாய் உள்வாங்க, அதன் அழுத்தத்தைச் சுற்றுப்புற அழுத்தத்தோடு ஒப்பிட்டு அது வேகத்தைக் காட்டும். இரண்டாவது உயரமானி. மேலே செல்லச் செல்லக் காற்றழுத்தம் குறையும் என்னும் விதியைக் கொண்டு உயரத்தை அளக்கும். மூன்றாவது, ஏறும் அல்லது இறங்கும் வீதத்தைக் காட்டும் கருவி.

சுழல் சக்கரக் கருவிகளுள் தலையாயது செயற்கைத் தொடுவான் காட்டி. பம்பரம் சுழலும்வரை சாயாது நிற்பதுபோல, விரைந்து சுழலும் சக்கரம் தன் அச்சின் திசையை மாற்றாது. வானூர்தி எப்படிச் சாயினும் அச்சக்கரத்தோடு இணைந்த கோடு உண்மைத் தொடுவானத்தோடு ஒத்து நிற்கும். வெளியே மறைந்துபோன தொடுவானம் இப்போது விமானியின் கண்ணெதிரே ஒரு சிறு வட்டத்துள் தோன்றுகிறது! மற்ற இரண்டும் செல்லும் திசையையும் திரும்பும் வீதத்தையும் காட்டுவன. இன்றைய புது வானூர்திகளில் இவை யாவும் ஒரே மின்திரையில் அடங்கிவிட்டன. வடிவம் மாறினும், அவை விடையளிக்கும் வினாக்கள் மாறவில்லை.

இக்கருவிகளை மட்டும் நம்பிப் பறக்க இயலும் என்பதை மெய்ப்பித்தவர் அமெரிக்க விமானி ஜிம்மி டூலிட்டில். 1929 செப்டம்பர் 24 அன்று, வெளியே எதுவும் தெரியாதவாறு மூடப்பட்ட இருக்கையில் அமர்ந்து, வானூர்தியை எழுப்பி, வட்டமடித்து, இறக்கினார். பதினைந்து நிமிடம் நீடித்த அப்பறப்பே, மழையிலும் முகிலிலும் இன்று நாம் மேற்கொள்ளும் விமானப் பயணங்களுக்கெல்லாம் கால்கோள்.

பயிலும் முறை

இந்தியாவில் கருவிவழிப் பறக்கும் தகுதி பெற விரும்புவோர், கருவிகளைக் கொண்டு 40 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். அதில் 20 மணி வரை தரையிலுள்ள பாவனைக் கூண்டில் பயிலலாம். எஞ்சியதை வானிலேயே பயில வேண்டும்.

மாணவரின் நெற்றியில் குதிரைக்குக் கட்டும் கண்மறைப்பைப் போன்றதொரு மறைப்பை அணிவிப்பர். எதிரேயுள்ள கருவிகள் தெரியும், சாளரம் தெரியாது. அருகே அமர்ந்த ஆசிரியர் வெளியே பார்த்துக்கொள்வார். முதற்பாடம், நேராகவும் மட்டமாகவும் பறத்தல். கேட்பதற்கு எளிது, செய்வதற்கு அரிது. மாணவரின் பார்வை செயற்கைத் தொடுவானில் தொடங்கி, உயரமானிக்குச் சென்று, மீண்டும் தொடுவானுக்கு வந்து, திசைக்காட்டிக்குச் சென்று, மீண்டும் தொடுவானுக்கு வரவேண்டும். ஒன்றிலேயே பார்வை ஊன்றினால் மற்றவை நழுவும். வகுப்பில் ஒரு மாணவனையே பார்த்துப் பாடம் நடத்தும் ஆசிரியருக்குப் பின்வரிசை அடங்காததைப் போன்றது அது.

இரண்டாம் பாடம் திருப்பம். நொடிக்கு 3 பாகை வீதம் திரும்பினால், ஒரு நிமிடத்தில் 180 பாகை திரும்பி வந்த வழியே மீளலாம். இரண்டு நிமிடத்தில் முழு வட்டம். முகிலுக்குள் தவறிப் புகுந்தவரைக் காப்பது பெரும்பாலும் இந்த ஒரு நிமிடத் திருப்பமே.

மூன்றாவது, நிலைமீட்சி. ஆசிரியர் மாணவரைக் கண்மூடித் தலைகுனியச் சொல்லி, வானூர்தியைப் பலவாறு திருப்பி, சாய்த்து, மூக்கைத் தாழ்த்தி, பின் கண்திறக்கச் சொல்வார். உடல் ஒன்று சொல்லும். கருவி வேறொன்று காட்டும். மாணவர் கருவியைப் பார்த்து, மூக்கு தாழ்ந்திருந்தால் முதலில் எந்திர விசையைக் குறைத்து, பின் சிறகை மட்டமாக்கி, அதன்பின்னரே மூக்கை உயர்த்தவேண்டும். வரிசை மாறினால் முன்னர்க் கூறிய சுருளில் சிக்குவார். முழு உடலும் இடப்பக்கம் சாய்ந்திருப்பதாகக் கூவும்போது, கண் காணும் ஒரு சிறு கோட்டை நம்பிக் கையை அசையாது வைத்திருத்தல் எளிதன்று. பல மணி நேரப் பயிற்சிக்குப் பின்னரே அம்மன அடக்கம் கைகூடும். பொய்யுணர்வு முற்றும் மறைந்துபோவதில்லை. தேர்ந்த விமானிக்கும் அது தோன்றும். அதற்குக் கீழ்ப்படியாதிருக்கவே அவர் கற்றிருக்கிறார்.

கருவியும் பொய் சொல்லும்

இதுவரை கூறியதைக் கொண்டு, உடலை ஐயுறு, கருவியைக் கண்ணை மூடி நம்பு என்பதே இக்கலையின் சாரம் என எண்ணினால் பெரும்பிழையாகும். கருவியும் பழுதுபடும். வேகமானியின் குழாய்க்குள் குளவி கூடு கட்டினால் வேகம் தவறாகும். சுழல் சக்கரம் ஓய்ந்தால் செயற்கைத் தொடுவான் மெல்லச் சாய்ந்து பொய்யுரைக்கும். உயரமானி பழுதின்றி இருந்தாலும், விமானி அதற்கு அவ்விடத்துக் காற்றழுத்தத்தைச் சொல்லித் தரவேண்டும். அழுத்தம் ஒரு மில்லிபார் குறைந்தால் ஏறத்தாழ 28 அடி உயரம் மிகையாகக் காட்டும். புயல் நெருங்கும் நாளில் அழுத்தம் 20 மில்லிபார் தாழ்ந்திருக்க, விமானி கருவியைத் திருத்தாமல் வந்தால், உண்மையைவிட 560 அடி மேலே இருப்பதாக அவர் எண்ணிக்கொள்வார். பரங்கிமலையின் உயரமோ சுமார் 300 அடியே. பிழையின் அளவு மலையைவிடப் பெரிது!

நம் நாடு இதனை மிகுந்த விலைகொடுத்துக் கற்றது. 1978 ஜனவரி 1 அன்று இரவு, பம்பாயிலிருந்து துபாய்க்குப் புறப்பட்ட 'பேரரசர் அசோகர்' என்னும் பெயருடைய ஏர் இந்தியா போயிங் 747 விமானம், எழுந்த 101 நொடிகளில் அரபிக் கடலில் வீழ்ந்தது. அதிலிருந்த 213 பேரும் உயிரிழந்தனர். இருண்ட கடலின் மேலே தொடுவானம் தெரியாத வேளையில், தலைமை விமானியின் எதிரே இருந்த நிலைகாட்டும் கருவி, விமானம் வலப்பக்கம் சாய்ந்திருப்பதாகப் பிழையாகக் காட்டியது. அதனை நம்பி அவர் இடப்பக்கம் சாய்த்தார். துணை விமானியின் எதிரே இருந்த கருவியும், இடையே இருந்த மாற்றுக் கருவியும் உண்மையையே காட்டிக்கொண்டிருந்தன. ஒப்பிட்டுப் பார்ப்பதற்குள் காலம் கடந்துவிட்டது.

ஆகவே தேர்ந்த ஆசிரியர், பயிற்சியின் நடுவே ஒரு கருவியை அட்டையால் மூடிவிடுவார். தொடுவான் காட்டி இல்லாதபோது, திருப்பங்காட்டியைக் கொண்டு சிறகின் நிலையையும், வேகமானியையும் உயரமானியையும் கொண்டு மூக்கின் நிலையையும் மாணவர் உய்த்துணர வேண்டும். வேகம் கூடி உயரம் குறைந்தால் மூக்கு தாழ்ந்திருக்கிறது என்பது பொருள். ஒரு கருவி தனித்து நின்று ஒன்றைச் சொல்ல, மற்ற மூன்றும் கூடி வேறொன்றைச் சொன்னால் எதனை ஏற்பது என்பதைக் கணப்பொழுதில் முடிவு செய்வதே இக்கலையின் உச்சி.

இறங்குதலும் இறங்காமையும்

வானொலி அலைகளால் அமைந்த கலங்கரை விளக்கங்கள் முகிலுக்கு மேலே வழி காட்டுகின்றன. இறங்குமிடத்தில் இரண்டு அலைக்கற்றைகள் உள்ளன. ஒன்று ஓடுபாதையின் நடுக்கோட்டைக் காட்டும்; மற்றொன்று 3 பாகைச் சரிவில் இறங்கும் வழியைக் காட்டும். இரண்டு முட்களும் நடுவில் நிற்கும்படி இறங்கினால், முகிலைக் கடந்ததும் ஓடுபாதையின் விளக்குகள் எதிரே தெரியும்.

தெரியாவிட்டால்? பொதுவான முதல்நிலைக் கருவி இறக்கத்தில் தரையிலிருந்து 200 அடி உயரம் எல்லையாகும். அவ்வுயரம் வந்தும் விளக்குகள் தென்படவில்லையெனில், இன்னும் சற்று இறங்கிப் பார்ப்போம் என்பதற்கு இடமே இல்லை. உடனே விசையைக் கூட்டி மேலெழ வேண்டும். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்த நாளில், சென்னையில் இறங்க வந்த பயணிகள் விமானமொன்று காற்றில் தள்ளாடி, தரையைத் தொடும் தருவாயில் மீண்டும் மேலெழுந்த காட்சியைப் பலரும் கண்டிருப்பர். கண்டோர் சிலர் அதனைத் தோல்வி என எண்ணினர். விமானிகள் அதனைப் பயிற்சியின் வெற்றி என அறிவர்.

கருவிப் பயிற்சி பெற்றவரும் புகத்தகாத முகில் ஒன்றுண்டு. பதினைந்து கிலோமீட்டர் உயரத்துக்கும் வளர்ந்து நிற்கும் இடிமுகிலின் உள்ளே வீசும் மேல்காற்றும் கீழ்காற்றும் சிறு வானூர்தியை முறித்துவிடக் கூடியவை. கடுமையான இடிமுகிலுக்கு 20 மைலேனும் விலகிச் செல்க என்பதே மூத்தோர் அறிவுரை. 2002 முதல் சென்னைத் துறைமுகப் பகுதியில் இயங்கிவரும் டாப்ளர் ராடார் இத்தகைய முகில்களைத் தொலைவிலேயே கண்டு சொல்கிறது. அச்செய்தியைப் பார்த்துப் புறப்படாதிருப்பதும் கருவிவழிப் பறத்தலின் ஒரு பகுதியே. ஒட்டகத்தைக் கட்டிவிட்டுப் பின்னர் இறைவனிடம் பொறுப்பை ஒப்படைக்குமாறு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அறிவுறுத்திய செய்தி இங்கு நினைக்கத்தக்கது.

கடலோடிகள் காட்டிய நெறி

கண்ணுக்குத் தெரியாத வழியைக் கருவியால் அறியும் இம்மரபு கடலிலிருந்தே வானுக்கு ஏறியது. நீர்ப்பெயற்றுத் துறைமுகத்தில் உயர்ந்த மாடத்தின் உச்சியில் இரவில் ஏற்றிய விளக்கு, திசை மயங்கிய கலங்களை அழைத்ததைப் பெரும்பாணாற்றுப்படை விவரிக்கிறது. அத்துறைமுகத்தை மாமல்லபுரத்தோடு இணைத்துக் காணும் அறிஞரும் உளர். மாமல்லபுரத்துக் குன்றின்மேல் பல்லவர் எழுப்பிய உழக்கெண்ணெய் ஈசுவரர் கோயிலே, இன்றைய கருங்கல் கலங்கரை விளக்கம் எழுவதற்கு முன் விளக்கேற்றும் இடமாகப் பயன்பட்டது.

கரை தெரியாத நடுக்கடலில் அராபிய மாலுமிகள் கமால் என்னும் சிறு பலகையைக் கையாண்டனர். பலகையின் நடுவே கோத்த கயிற்றைப் பல்லில் கடித்து, கயிறு நீளப் பிடித்து, பலகையின் கீழ்விளிம்பு தொடுவானத்தையும் மேல்விளிம்பு துருவ மீனையும் தொடுமாறு வைப்பர். கயிற்றில் இட்ட முடிச்சு ஒவ்வொன்றும் ஒரு துறைமுகத்தைக் குறிக்கும். சோழமண்டலக் கரையின் மாலுமிகளும் இதனையொத்த கருவியைப் பயன்படுத்தியதைப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆங்கிலேய அதிகாரி ஒருவர் பதிவு செய்துள்ளார். பதினைந்தாம் நூற்றாண்டின் மாபெரும் கடலோடி அஹ்மத் இப்னு மாஜித், விண்மீனோடு காற்றையும் நீரின் நிறத்தையும் கரையின் அடையாளத்தையும் பறவைகளையும் சேர்த்தே நோக்கும்படி தம் நூலில் மாலுமிகளுக்குக் கற்பித்தார். ஒரு சான்றோடு நில்லாதே என்பதே அவர் பாடமும்.

நிறைவாக

வானூர்தி ஓட்டும் வாய்ப்பு நம்முள் மிகச் சிலர்க்கே கிட்டும். ஆயினும் முகிலுக்குள் புகாத மாந்தர் இல்லை. சினமும் அச்சமும் விருப்பும் சூழும்போது, சாய்ந்திருக்கும் நாம் நேராக இருப்பதாகவே உணர்கிறோம். அவ்வேளையில் உள்ளுணர்வு உரத்துச் சொல்வதனாலேயே அது உண்மையாகிவிடாது. வெளியிலிருந்து வரும் ஒரே ஒரு குரலும் போதாது.

இவ்வுண்மையை நம் இரு மரபுகளும் நெடுங்காலமாக அறிந்தே உள்ளன. ஹதீஸ் கலை வல்லுநர் ஓர் அறிவிப்பாளரின் சொல்லோடு அமையாது, பல அறிவிப்புத் தொடர்களை ஒப்பிட்டு, ஒவ்வொருவரின் நினைவாற்றலையும் நேர்மையையும் எடைபோட்ட பின்னரே ஒன்றை ஏற்றனர். தமிழ்த்தாத்தா உ.வே. சாமிநாதையர் ஊர் ஊராகச் சென்று ஏடுகள் பலவற்றைத் திரட்டி, பாடவேறுபாடுகளை ஒப்புநோக்கியே 1887இல் சீவக சிந்தாமணியை அச்சேற்றினார். விசயையின் மயிற்பொறி இன்று நமக்குக் கிடைத்திருப்பது அவ்வுழைப்பினால்தான். முகிலுக்குள் ஆறு கருவிகளை மாறி மாறி நோக்கும் விமானி செய்வதும் அதே பணி. ஏடு பார்ப்பவர்க்கு அதற்குப் பல ஆண்டுகள் உண்டு. விமானிக்குச் சில நொடிகளே உண்டு. அந்நொடிகளுக்குரிய பழக்கத்தை அவர் முன்னரே, தெளிந்த வானத்தின் கீழே, ஓர் ஆசிரியரின் அருகே அமர்ந்து பெற்றுவிடுகிறார். மாணவப் பருவம் நமக்கு அத்தகைய தெளிந்த வானம். முகில் சூழுமுன் கற்கவேண்டியதைக் கற்றுக்கொள்வோமாக.